பறக்காத கூரை

முதல் முடிச்சே அவிழவில்லை. முடிச்சுக்காரர் தகரக் கூரையின் மேல் குந்தியிருந்து, கூராகச் சீவிய மரக்குச்சியை முடிச்சின் வயிற்றுக்குள் கொடுத்து நெம்பிப் பார்த்தார். நைலான் கயிறு உப்புத் தண்ணீரில் ஊறி, மணலைத் தின்று, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அவர் போட்ட முடிச்சுதான். அவருக்கே மசியவில்லை.

கீழே நின்ற மருமகன் வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, “மாமா, நேரமாகுது. அறுத்துடலாமா?” என்றான்.

“அறுத்தா துண்டுதான் கிடைக்கும், மாப்ள. துண்டுக் கயித்துல பெட்டிய எப்படி இறக்குவீங்க?”

மருமகன் டவுனில் பஸ் ஓட்டுகிறவன். கயிற்றைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்.

சவப்பெட்டி தயாராகியிருந்தது. உடைந்த படகு ஒன்றின் பலகைகளைப் பிரித்துத் தச்சர் அடித்துக் கொடுத்தார். ஒரு பக்கத்தில் படகின் நீலப் பெயின்ட் அப்படியே இருந்தது. மேட்டுப் பக்கம் குழியும் வெட்டியாகிவிட்டது. இல்லாதது கயிறுதான். கடலை நம்பிப் பிழைக்கிற தெருவில் கயிற்றுக்கா பஞ்சம் என்று கேட்டால், ஆமாம், பஞ்சம்தான். வலை, கயிறு, அடுப்பு, பாய், பாத்திரம் எல்லாவற்றையும் புயலோடு வந்த கடல் தண்ணீர் வழித்து எடுத்துக்கொண்டு போயிருந்தது. மொத்தத் தெருவிலும் நல்ல கயிறு மிச்சமிருந்த ஒரே இடம் முடிச்சுக்காரர் வீட்டின் இந்தக் கூரை. மொத்தத் தெருவிலும் மிச்சமிருந்த கூரையும் இது ஒன்றுதான்.

அதனால் நேற்றிலிருந்தே ஆட்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் கூட வந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களும் முதலில் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் பிணத்தைப் பார்த்தார்கள். நிவாரணக் கணக்கெடுக்க வந்த ஓர் அதிகாரி, முழங்கால் வரை சேற்றோடு நின்று, “யார் கட்டினது?” என்று கேட்டார். சொன்னார்கள். “இதை எல்லா ஊருக்கும் காட்டணும்” என்று சொல்லி போன் எடுத்துப் படம் பிடித்தார். பக்கத்தில் நிற்கச் சொன்னார். முடிச்சுக்காரர் நின்றார். படத்தில் முகம் எப்படி விழுந்ததோ, தெரியவில்லை. எந்த அதிகாரியையும் ஒரு வார்த்தை குத்திப் பேசாமல் அனுப்பியறியாத மனிதர் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

அந்தக் கூரைதான் அவர் மனைவியைக் கொன்றது. இது தெரிந்தவர்கள் அவரும், எதிர்வீட்டு ஐஸ்காரரும், பிணத்தைக் கழுவிய ஐஸ்காரர் மனைவியும்தான். மகளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று நேற்றிலிருந்து அவர் ஒவ்வொரு மூச்சிலும் வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டிப் பழக்கமில்லாததால் யாரிடம் வேண்டுகிறோம் என்பதும் அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

முடிச்சு கொஞ்சம் இளகியது. பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினார்.

*

ஜீப் வந்தது புயலுக்கு முந்திய நாள். மேலே ஒலிபெருக்கி. பலத்த காற்று, மிகப் பலத்த காற்று, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று கத்திக்கொண்டே தெருவை ஒரு சுற்றுச் சுற்றியது. கடைசியில் முனை திரும்பும்போது கடல் உள்ளே வரலாம் என்றும் ஏதோ சொன்னது.

“கடல்ல கிடக்கிறவனுக்குத் தண்ணியப் பத்திச் சொல்ல வந்துட்டானுங்க” என்றார் முடிச்சுக்காரர். தெரு சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்யும். போன வருஷமும் இதே ஜீப் வந்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய், பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, கொசுவில் உட்கார்ந்திருந்தார்கள். காற்று வரவில்லை, கள்ளன்தான் வந்தான். திரும்பி வந்து பார்த்தால் படகு என்ஜின்களைக் காணோம். புகார் கொடுக்கப் போனால், வீட்டை விட்டுட்டு ஏன் போனீங்க என்று கேட்டார்கள். அதிலிருந்து ஜீப் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வது என்று தெரு முடிவெடுத்திருந்தது. அந்த முடிவை முதலில் சொன்னதும் அவர்தான்.

காற்று என்றால் அவருக்குத் தெரியும். காற்றுக்குக் கூரைதான் முதல் குறி. பழைய இழுவலையை இரண்டாக மடித்துக் கூரை மேல் விரித்தார். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு ஓட்டினார். நான்கு மூலையிலும் நங்கூரங்களை ஆளுயரக் குழியில் புதைத்து, அவற்றில் இழுத்துக் கட்டினார். ஜன்னல்களுக்குப் பலகை அறைந்தார். அவர் முடிச்சுப் போட்டு நிறுத்திய படகு எந்தக் காற்றிலும் துறையை விட்டு நகர்ந்ததில்லை. பெயரே அதனால் வந்த பெயர். பிறந்தபோது வைத்த பெயரைத் தெருவில் இப்போது யாரைக் கேட்டாலும் தெரியாது.

ஐஸ்காரர் வந்து வாசலில் நின்றார். ஐஸ் உடைத்து, பெட்டி பெட்டியாக மீன் ஏலத்துக்கு அனுப்புகிறவர். படகு கிடையாது, கயிறும் கிடையாது. “அண்ணே, ஒரு சுருள் மிச்சம் இருக்குல்ல. எனக்கும் நாலு சுத்து சுத்தி விட்டீங்கன்னா...” என்று இழுத்தார்.

“போன தடவை குடுத்த கயித்த அறுத்துத் திருப்பிக் குடுத்தவன் நீ.”

“அவுக்க வரலண்ணே. அதான்.”

“அவுக்க வராதவனுக்குக் கயிறு எதுக்கு?”

ஐஸ்காரர் முகம் சுண்டிப் போய்விட்டது. திரும்பிப் போனார். மிச்சமிருந்த சுருளையும் முடிச்சுக்காரர் தன் கூரைக்கே இன்னொரு சுற்றாகச் சுற்றினார். அதற்குத் தேவையே இல்லை.

மனைவி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து அண்ணாந்து கூரையைப் பார்த்து, “என்னங்க, கூடையில மீனப் போட்டு மூடுற மாதிரி மூடிட்டீங்க” என்றாள்.

“நீ என்ன துள்ளிக் குதிச்சு ஓடப் போறியா?”

“ஓடுறதா இருந்தா எப்பவோ ஓடியிருப்பேன்.”

அவள் ஒரு முடிச்சுதான் போடுவாள். துணிக்கொடியாகட்டும், அரிசி மூட்டையாகட்டும், ஒரு நுனியைச் சுண்டி இழுத்தால் மொத்தமும் சடசடவென்று அவிழ்ந்துவிடும் முடிச்சு. அவர் கேலி செய்யாத நாளில்லை. அது முடிச்சே இல்லை, சோம்பேறித்தனம் என்பார். “அவுக்கத்தானே கட்டுறோம்” என்பாள் அவள். அவுக்கிறதுக்காகக் கட்டுகிறவள் ஊரிலேயே நீ ஒருத்திதான் என்று அவர் சொல்ல, அவள் போய்த் துணி காயப்போடுவாள். மகள் சின்ன வயதில் தாயிடம் கற்றுக்கொண்டதும் அந்த ஒரு முடிச்சுதான். அதில் அவருக்கு ஒரு வருத்தம் கூட இருந்தது.

மறுநாள் காலை ஆண்கள் எல்லோரும் படகுகளைக் கழிமுகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அங்கே மரங்களுக்கு நடுவே படகைக் கட்டிப்போட்டு, படகிலேயே உட்கார்ந்திருப்பது வழக்கம். போகும்போது பரண் ஏணியருகே ஆணியில் தொங்கிய வலைக்கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஆபத்து என்றால் நங்கூரக் கயிற்றை அறுக்க வேண்டியிருக்கும். அறுப்பது அவருக்குப் பிடிக்காது, ஆனாலும் எடுத்துக்கொண்டார். கதவை உள்ளே தாழ்போட்டுக்கொள், என்ன சத்தம் கேட்டாலும் திறக்காதே, கூரை பறக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடியே அவள் உள்ளே இருந்தாள். அவர் சொல்லி அவள் கேட்ட காரியங்கள் அதிகம் இல்லை. இதைக் கேட்டாள்.

*

பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று எல்லோருக்கும் தெரிந்த காற்றுதான், என்ன, அதற்குப் பைத்தியம் பிடித்திருந்தது. யாருக்கும் தெரியாதது அதற்குப் பின்னால் வந்த தண்ணீர். அலையாக வரவில்லை. மொத்தக் கடலும் எழுந்து நடந்து வந்தது போல வந்தது. கழிமுகத்தில் படகுகள் மரங்களின் இடுப்புக்கு உயர்ந்தன. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் உப்பு அறைய, கண்ணை மூடியிருந்தார். அந்த நேரத்திலும் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது: நம்ம கூரை பறக்காது.

தெருவில் மற்ற கூரைகள் எல்லாம் பறந்தன. பறந்ததால் வீடுகள் திறந்துகொண்டன. தண்ணீர் ஏற ஏற ஜனங்கள் பரணுக்கும், பரணிலிருந்து சுவர் உச்சிக்கும் ஏறி, மிதந்து வந்த கதவையும் கட்டிலையும் பிடித்துக்கொண்டார்கள். ஐஸ்காரர் தன் மனைவியையும் பிள்ளைகளையும் மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டிகளில் உட்காரவைத்து, வேட்டியால் மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். அடுத்த தெருக்களில் சுவர் விழுந்தும் மரம் விழுந்தும் நிறைய சாவு. இந்தத் தெருவில் செத்தது அவள் ஒருத்திதான்.

தண்ணீர் வடிந்ததும் முடிச்சுக்காரர் படகை விட்டுச் சேற்றில் நடந்து வந்தார். தெருமுனையிலிருந்தே தன் கூரை தெரிந்தது. எல்லாம் மொட்டையாகக் கிடந்த இடத்தில் அது ஒன்று மட்டும் நின்றது. அவருக்கு நெஞ்சு விரிந்தது. அந்தச் சில அடிகளை அவர் பெருமையோடுதான் நடந்து வந்தார். பிற்பாடு எதை மறந்தாலும் அந்த நடையை அவரால் மறக்க முடியாது.

ஐஸ்காரர் தன் வீட்டு மொட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். விரல்களில் நகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. முடிச்சுக்காரரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“உள்ள போகாதீங்கண்ணே. நான் சொல்லிடறேன், அப்புறம் போங்க.”

சொன்னார். தண்ணீர் பரணைத் தொட்டபோது அவள் முதுகைக் கொடுத்துத் தகரத்தை நெம்பியிருக்கிறாள். துருப்பிடித்த ஆணிகள் விட்டுக்கொடுத்துவிட்டன. வலை விடவில்லை. தட்டுகிற சத்தம் காற்றையும் மீறிக் கேட்டிருக்கிறது. ஐஸ்காரர் கம்பத்தை விட்டு நீந்திக் கூரைக்கு வந்திருக்கிறார்.

“கத்தி இல்லண்ணே. உங்க முடிச்சு எனக்கு அவுக்க வரல.” கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “தகரம் ஒரு சாண் தூக்கிச்சு. கை மட்டும் வெளிய வந்துச்சு. புடிச்சுக்கிட்டேன்.”

முடிச்சுக்காரர், “எவ்வளவு நேரம்?” என்று கேட்டார்.

“விடுங்கண்ணே.”

அவுக்க வராதவனுக்குக் கயிறு எதுக்கு என்று தான் கேட்டதை ஐஸ்காரர் திருப்பிச் சொல்வார் என்று முடிச்சுக்காரர் காத்திருந்தார். சொல்ல வேண்டியதுதான், சொன்னால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கயிறு கொடுத்திருந்தால் இந்த மனுஷனும், இவன் பெண்டாட்டி பிள்ளைகளும் இன்றைக்கு இல்லை. ஐஸ்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கதவை உடைக்கக் கூட வந்து தோள் கொடுத்தார்.

*

மகள் இன்று காலைதான் வந்தாள். பாலம் போய்விட்டதால் பாதி வழியைப் புருஷனோடு நடந்தே வந்திருந்தாள். டவுனில் சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை. வந்ததும் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். தையல்காரி கண், கோணல் இருந்தால் அதில் போய்த்தான் நிற்கும். கூரையைப் பார்த்தாள். எதிரே மொட்டைச் சுவரைப் பார்த்தாள்.

“எல்லாரும் மேல ஏறித் தப்பிச்சிருக்காங்க. அம்மா ஏன் ஏறல?”

முடிச்சுக்காரர் அப்போது ஏணியைத் தூக்கிச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தார். ஏணி கையிலேயே நின்றது.

ஐஸ்காரர்தான் முந்திக்கொண்டார். “தண்ணி வர்றதுக்கு முன்னாடியே மாரடைச்சிருக்கும்மா. காத்துச் சத்தத்துல பயந்திருப்பாங்க. தண்ணிய அவங்க பாக்கவே இல்ல.”

“உங்க கைக்கு என்ன ஆச்சு, சித்தப்பா?”

“தகரம் கிழிச்சிடுச்சு.”

அது பொய்யில்லை. மகள் தலையாட்டினாள். போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுவியபோது ஐஸ்காரர் மனைவி பிணத்தின் இரண்டு கைகளையும் வெள்ளைத் துணியால் சுற்றி, மார்பின் மேல் வைத்திருந்தாள். மகள் அந்தத் துணியின் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். ஏணியில் கால் வைத்து ஏறும்போது முடிச்சுக்காரர் அதையே பார்த்தார். அவள் துணியைப் பிரிக்கவில்லை. துணியின் ஓரத்தை மட்டும் நீவி நீவிச் சரி செய்துகொண்டே இருந்தாள்.

கடைசி முடிச்சும் அவிழ்ந்தபோது உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். அவர் இறங்கிய பிறகு லேசாக அடித்த காற்றில், ஆணியில்லாத அந்தத் தகரம் தூக்கித் தூக்கிப் போட்டது.

குழியில் இறக்கும்போது ஒரு நுனி அவர் கையில் இருந்தது, இன்னொன்று மருமகன் கையில், மற்ற இரண்டு ஐஸ்காரர் கையிலும் தச்சர் கையிலும். பஸ் ஓட்டுகிறவன் ஒரு தடவை சறுக்கவிட்டான். பெட்டி சாய்ந்தது. “மெதுவா விடுங்க, மாப்ள. கை எரிஞ்சாலும் மெதுவாத்தான் விடணும்” என்றார். தரையைத் தொட்டதும் கயிறு தொய்ந்தது. உருவி எடுத்தார்கள். மண் தள்ளுகிறவர்கள் தள்ளிக்கொண்டிருக்க, அவர் ஒரு பக்கம் நின்று, ஈர மண்ணைத் துடைத்துத் துடைத்துக் கயிற்றைச் சுருட்டினார். கை அதன்பாட்டுக்குச் செய்தது.

*

திரும்பி வந்தபோது அவர் வாசலில் நான்கைந்து பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் டீசல் கடைக்காரர். துக்க வீட்டில் கேட்கக்கூடாதுதான், ஆனால் வேறு வழியில்லை என்று ஆரம்பித்தார். ரேடியோவில் சொல்லிவிட்டார்களாம், பின்னாலேயே இன்னொரு புயல் வருகிறதாம். பள்ளிக்கூடம் இடிந்து கிடக்கிறது, பாலம் இல்லை, கிழடு கட்டைகளையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது. பறந்த தகரங்களைப் பொறுக்கி வந்து எல்லோரும் மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கழிமுகத்து மரங்களில் சிக்கிய வலையும் கயிறும் மத்தியானம்தான் கிடைத்திருக்கிறது.

“உங்க கூரை மாதிரியே எங்களுக்கும் கட்டிக் குடுத்துடுங்க. நீங்க கட்டினா அந்தப் புயலே வந்து இழுத்துப் பாத்துட்டு வெக்கப்பட்டுப் போயிடும்.”

யாரோ சிரித்தார்கள். துக்க வீடு என்று ஞாபகம் வந்து நிறுத்தினார்கள்.

முடிச்சுக்காரர் ஐஸ்காரரைப் பார்த்தார். ஐஸ்காரர் தரையைப் பார்த்தார்.

“அப்படிக் கட்டாதீங்க” என்றார் முடிச்சுக்காரர்.

“ஏன்?”

மகள் மருமகனோடு பின்னால் வந்துகொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது.

டீசல் கடைக்காரர் முகம் கடுத்தது. “சாவு விழுந்தும் உங்க குணம் போகலயே. ஊருல உங்க கூரை ஒண்ணுதான் நிக்கணுமா? சரி, விடுங்க. நேத்துலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். எங்க எங்க முடிஞ்சிருக்கீங்கன்னு எங்களுக்கும் தெரியும். நாங்களே கட்டிக்கிறோம்.”

கட்டிவிடுவார்கள். அவரைப் போலவே வலையை மடித்து, அவரைப் போலவே நங்கூரத்தைப் புதைத்து, நன்றாகவே கட்டிவிடுவார்கள். அந்த அதிகாரி வேறு படத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருப்பார்.

முடிச்சுக்காரர் தோளிலிருந்த கயிற்றைக் கையில் எடுத்தார். “வாங்க” என்று ஐஸ்காரர் வீட்டுக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள்.

ஐஸ்காரரும் பிள்ளைகளும் காலையில் நாலு தகரத்தைச் சுவர் மேல் ஒப்பேற்றி வைத்திருந்தார்கள். முடிச்சுக்காரர் மேலே ஏறினார். வலை வேண்டாம் என்று தள்ளினார். கயிற்றை மட்டும் தகரத்தின் மேல் ஓட்டி, கீழே உத்தரத்தில் கொடுத்து, இறுக்கி, ஒரு முடிச்சுப் போட்டார். டீசல் கடைக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அது அவர் பார்த்து வைத்திருந்த முடிச்சு இல்லை. முடிச்சின் நுனியை முடிச்சுக்காரர் தகரத்தில் ஆணி பிய்த்துக்கொண்டு போன பெரிய ஓட்டை வழியாக வீட்டுக்குள் விட்டார். வேலை முடிந்ததும் காலால் உதைத்துப் பார்த்தார். தகரம் அசையவில்லை.

பிறகு தலையைத் தூக்கிக் கீழே பார்த்தார். ஐஸ்காரர் இருந்தார், அவர் மனைவி இருந்தாள், மருமகன் இருந்தான். யாரைக் கூப்பிட்டிருந்தாலும் போதும்.

“பாப்பா” என்று மகளைக் கூப்பிட்டார். “உள்ள போ. பரண் மேல ஏறு. ஒரு நுனி தொங்கும். அதப் புடி.”

அவள் போனாள். உள்ளே பலகை கிறீச்சிடும் சத்தம் கேட்டது. தகரத்துக்கு அடியில் அவள் மூச்சு கூடக் கேட்பது போலிருந்தது அவருக்கு.

“புடிச்சிட்டேம்ப்பா.”

“இழு.”

கயிறு சடசடவென்று அவிழ்ந்து, பாம்பு போல நெளிந்து அவர் காலடியில் விழுந்தது. “தகரத்த முதுகால தள்ளு” என்றார். தகரம் எழும்பியது. ஒரு சாண் எழும்பியபோது அந்த இடுக்கில் அவள் கை வெளியே வந்து விளிம்பைப் பிடித்தது. கீழே ஐஸ்காரர் சட்டென்று திரும்பிக் கடல் பக்கம் பார்த்தார்.

இன்னும் கொஞ்சம் தள்ளினால் முழுதாகத் திறந்துகொள்ளும். கை தள்ளவில்லை. அப்படியே நின்றது. டீசல் கடைக்காரர் ஐஸ்காரரின் முதுகைப் பார்த்தார், பிறகு எதிரே முடிச்சுக்காரரின் கூரையைப் பார்த்தார்.

“இது அம்மா போடுற முடிச்சு” என்றாள் உள்ளேயிருந்து.

முடிச்சுக்காரர் குந்தி உட்கார்ந்தார். கயிற்றை எடுத்து மறுபடி ஓட்டினார், உத்தரத்தில் கொடுத்தார், இறுக்கினார், அதே முடிச்சைப் போட்டார். விரல்கள் அந்த முடிச்சுக்குப் பழகவில்லை, நேரம் பிடித்தது. தகரம் மெல்லத் தாழ்ந்தது. கை மட்டும் இன்னும் வெளியே இருந்தது. நுனியை அந்தக் கைக்குள் வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.